வீட்டுக் குடமும் குழந்தையின் வயிறும்: ‘மாடல்’ போட்டுப் பார்ப்பது என்றால் என்ன?

ஊருக்குக் குழாய் போட்டாயிற்று, குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு மட்டும் குறையவே இல்லை. பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்கிறவர்களை வருடக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வருடத்துக்குச் சுமார் 4.4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். அதனால் ‘ஏன் குறையவில்லை’ என்று விடாமல் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்குப் பதில் தேடுகிற வழிகளில் ஒன்றுதான் மாடல் போட்டுப் பார்ப்பது. கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

முதலில் ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் வடகோடியில் லிம்போபோ மாகாணம், அதில் வெண்டா மக்கள் வாழும் மலையும் பள்ளத்தாக்குமான பகுதி. குழாய் உண்டு, ஆனால் எல்லா நாளும் வராது. வராத நாளில் ஓடைக்கோ ஆற்றுக்கோ போய் 20, 25 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் எடுத்துவருகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அங்கேயே இருக்கும் வெண்டா பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்குள்ள கிராமங்களில் தண்ணீரையும் குழந்தைகளின் உடல்நிலையையும் ஆராய்ந்து, அதை வைத்து ஒரு கணினி மாடல் கட்டினார்கள். அது 2012-ல் வெளிவந்தது. நமக்கும் அந்தப் பகுதிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பிறந்த சில நாட்களிலிருந்தே குழந்தைகளைப் பின்தொடர்ந்து, வாரம் இரண்டு முறை வீட்டுக்கே போய் விசாரித்த மால்-எட் என்ற பெரிய ஆய்வு 2009-ல் எட்டு நாடுகளில் தொடங்கியது, அதில் இந்தியாவின் இடம் நம் வேலூர், தென்னாப்பிரிக்காவின் இடம் இந்த வெண்டா.

சரி, மாடல் என்றால் என்ன? இந்த விஷயத்தைப் பொறுத்தவரை, ஒரு மடக்குத் தண்ணீர் எங்கே கிளம்பி, யார் கை பட்டு, எதில் தங்கி, கடைசியில் எந்தக் குழந்தையின் வாய்க்குப் போகிறது என்ற பயணத்தைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுப்பது, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஊற்றில் பிடித்த தண்ணீர் கேனுக்குள் போகிறது. கேனின் வாய் சிறியது, உள்ளே கை போகாது, அதனால் உள்பக்கம் ஒருநாளும் சரியாகத் தேய்படுவதில்லை. விரலை விட்டுத் தடவினால் ஒரு வழவழப்பு தெரியும். வெறும் அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது, அது பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொண்ட வீடு. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வழவழப்பு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீருக்குள் இறங்கும். என் பாட்டி குடத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் உள்ளே கைவிட்டுத் தேய்ப்பார், கழுத்து அகலமான குடமாகத்தான் வாங்க வேண்டும் என்று கறாராக இருப்பார். அந்தக் கறாரின் அருமை எனக்கு இந்த ஆய்வுகளைப் படித்தபோதுதான் புரிந்தது.

அப்புறம் கேனிலிருந்து வாளிக்கு மாற்றுகிறார்கள், வாளியில் ஒரு குவளை கிடக்கிறது. மண்ணில் விளையாடிவிட்டு வந்த நாலு வயதுப் பிள்ளை குவளையைப் பிடித்து மோந்து குடிக்கும்போது விரல் நாலும் தண்ணீருக்குள் போகிறது. அதே வாளியிலிருந்து மோந்துதான் தம்பிப் பாப்பாவுக்குக் கஞ்சி கரைக்கிறார்கள். குழாயடியில் எடுத்த மாதிரிக்கும் இந்த வாளியில் எடுத்த மாதிரிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 2004-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எடுத்த இடத்தில் நன்றாக இருந்த தண்ணீர் வீட்டுக்கு வந்தபின் கெட்டுப்போவது பல இடங்களிலும் நடக்கிறது என்று காட்டியது. அதே ஆண்டில் வேலூர் நகரில் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்டதிலும் இதே கதைதான். ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம் உண்டு: பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் மட்டும் கிருமி குறைந்திருந்தது, மற்றப் பாத்திரங்களில் அப்படி இல்லை. பித்தளையில் இருக்கும் செம்பு தண்ணீரில் மிகச் சிறிய அளவில் கரைந்து பாக்டீரியாவைக் கொல்கிறது.

கிருமியை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 100 மில்லி தண்ணீரை மிக நுண்ணிய சல்லடைத்தாளில் வடித்து, அந்தத் தாளை ஊட்டப்பசை மேல் வைத்து, சூடான பெட்டியில் ஒரு நாள் வைத்தால், தாளில் ஒட்டிய ஒவ்வொரு உயிருள்ள பாக்டீரியாவும் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத்தான் பெரும்பாலும் எண்ணுவார்கள், ஏனென்றால் அது மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் இருக்கிறது என்றால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இனி ஒரு நியாயமான கேள்வி. இதற்கு எதற்கு மாடல்? நூறு வீட்டுக்குப் போய்த் தண்ணீரைச் சோதித்து, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரிந்துவிடாதா? செய்து பார்த்திருக்கிறார்கள். பல இடங்களில் தொடர்பு மங்கலாகத்தான் தெரிகிறது, சில இடங்களில் தலைகீழாகக்கூட வருகிறது. காய்ச்சிக் குடிக்கும் வீட்டில்தான் வயிற்றுப்போக்கு அதிகம் என்று அட்டவணை சொன்னால் நம்புவீர்களா? யோசித்தால் காரணம் புரியும்: பிள்ளைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அம்மா தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார். நாம் போன நாளில் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, பிள்ளைக்கும் பேதி, நாம் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டு வருகிறோம். எது முன்னால், எது பின்னால் என்பது அந்த வரியில் இல்லை.

இன்னும் சிக்கல்கள் இருக்கின்றன. இன்று வாளியில் 5 புள்ளி, நாளை அதே வாளியில் 500. ஒருநாள் எடுத்த மாதிரி அந்த வீட்டின் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லாது. குழந்தையை நோயாக்கிய மடக்கு போன வாரம் குடித்ததாக இருக்கும். வயிற்றுப்போக்கு என்று எதைச் சொல்வது என்பதே ஒரு கேள்வி, 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் என்று வரையறை வைத்து, கடந்த ஏழு நாளில் அப்படி உண்டா என்று அம்மாவிடம் கேட்பார்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வயல் வேலையும் பார்க்கிற ஒருவருக்கு ஆறு நாள் முன்பு யாருக்கு எத்தனை முறை போனது என்பது நினைவிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதோடு, இலவசமாக ஃபில்டர் கொடுத்தவர்களே வந்து கேட்கும்போது, அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று ‘இப்ப பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிடுவதும் உண்டு. போலி ஃபில்டரும் நிஜ ஃபில்டரும் கலந்து கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் செய்த ஆய்வுகளில் பலன் வெகுவாகச் சுருங்கிப்போனதற்கு இது ஒரு காரணம்.

மாடல் இந்தக் குழப்பங்களை மறைப்பதில்லை, அவற்றையும் கணக்குக்குள் கொண்டுவருகிறது. லிம்போபோவில் செய்தது ஏஜென்ட் வகை மாடல். பெயர்தான் பெரிது, கணினிக்குள் ஒரு கிராமத்தைக் குடியமர்த்துவதுதான் விஷயம். ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஏஜென்ட். அதற்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கேன், கேனுக்கு ஒரு தண்ணீர்த் துறை. பொதுவாக இந்த வகை மாடலில் கணினி நாள் நாளாக நகர்த்தும்: இன்று குழாய் வந்ததா, வரவில்லை என்றால் ஓடைத் தண்ணீர், அதில் இத்தனை கிருமி, கேனின் வழவழப்பிலிருந்து இத்தனை சேர்ந்தது, கை பட்டு இத்தனை, குழந்தை குடித்தது இத்தனை லிட்டர். கடைசியில் ஒரு தாயம் உருட்டப்படும். விழுந்தால் நோய், விழாவிட்டால் இல்லை. நோய் வந்த குழந்தையின் மலம் வழியாகக் கிருமி மறுபடி ஊருக்குள் வருகிறது. இப்படி வருடக்கணக்கில் ஓட்டி, திரும்ப முதலிலிருந்து ஓட்டி, ஆயிரம் முறை ஓட்டிப் பார்ப்பார்கள். தாயம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும் என்பதால் ஒரு ஓட்டத்தை நம்ப முடியாது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன? சிலவற்றைக் கிராமத்திலேயே அளக்கிறார்கள், சிலவற்றை மற்றவர்களின் ஆய்விலிருந்து எடுக்கிறார்கள், சிலவற்றை ஊகித்து வைத்து, மாடல் சொல்லும் நோய் அளவு கிராமத்தில் நிஜமாகப் பார்த்த அளவோடு ஒத்துவரும்வரை திருகிப் பார்க்கிறார்கள். வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி. சேர்த்த பிறகு, சுருதி சேர்க்கப் பயன்படுத்தாத இன்னொரு தகவலை வைத்துச் சரிபார்க்க வேண்டும், அந்தப் படியைத் தவிர்த்துவிட்ட மாடலை நான் நம்ப மாட்டேன்.

இப்போது ஒரு குட்டிக் கணக்கு. எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு கிருமி உள்ளே போனால் அது நோயாக மாறும் வாய்ப்பு 100-ல் 1 என்று வைப்போம். 10 கிருமி குடித்தால் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். 100 குடித்தால் 100 சதவீதம் ஆகாது, 63 தான், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனித் தாயம், எல்லாமே தவறிப்போகவும் கொஞ்சம் இடம் உண்டு. 1000 குடித்தால் கிட்டத்தட்ட நிச்சயம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தண்ணீரை பத்து மடங்கு சுத்தம் செய்து 1000-ஐ 100 ஆக்கினீர்கள், நோயோ 100-லிருந்து 63-க்குத்தான் இறங்கியது. ‘இவ்வளவு செய்தும் ஏன் குறையவில்லை’ என்பதற்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது இன்னும் முக்கியம். லிம்போபோவில் மண் ஃபில்டர்கள் உண்டு. களிமண்ணில் மரத்தூள் கலந்து பானையாக வனைந்து சுடுவார்கள், சூளையில் மரத்தூள் எரிந்து நுண்துளைகள் மிஞ்சும், அதில் வெள்ளியைச் சேர்த்தால் துளை வழியே வரும் பாக்டீரியா அடங்கும். அந்தப் பகுதிப் பானை வனைபவர்களைக் கொண்டே செய்யும் முயற்சிக்கு பியூர்-மாடி என்று பெயர், ‘மாடி’ என்றால் வெண்டா மொழியில் தண்ணீர். இப்படி ஒரு நல்ல ஃபில்டர் பத்தாயிரத்தில் ஒன்றைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொண்டு, தினமும் 1000 கிருமி குடித்த நம் கற்பனைக் குழந்தைக்குக் கொடுப்போம். நாளைக்குச் சராசரி 0.1 கிருமி. மாதம் முழுக்க ஃபில்டர் தண்ணீரே குடித்தால், அந்த மாதத்தில் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 சதவீதம். பிரமாதம். ஆனால் மாதத்தில் மூன்று நாள் மட்டும், பக்கத்து வீட்டிலோ தோட்டத்திலோ, ஃபில்டர் காலியாக இருந்ததாலோ, பழைய தண்ணீர் குடித்துவிட்டது. அந்த மூன்று நாளில் ஒவ்வொரு நாளும் நோய் கிட்டத்தட்ட நிச்சயம் என்று மேலேயே பார்த்தோம். ஆக 27 நாள் ஒழுங்கு மொத்தமும் அந்த மூன்று நாளில் கரைந்துபோனது. ஃபில்டர் இன்னும் நூறு மடங்கு நன்றாக இருந்தாலும் இந்த விடை மாறாது.

நிஜ உலகில் எண்கள் இவ்வளவு கடுமையாக இருக்காது, போக்கு இதுதான். 2012-ல் வந்த ஒரு மாடல் ஆய்வு, மிகவும் கெட்ட தண்ணீர் உள்ள இடங்களில், எப்போதும் பயன்படுத்துகிற நிலையிலிருந்து 90 சதவீதப் பயன்பாட்டுக்கு இறங்கினாலே, எதிர்பார்த்த ஆரோக்கியப் பலனில் 96 சதவீதம்வரை காணாமல்போகக்கூடும் என்று கணக்கிட்டது. அதனால்தான் எந்த ஃபில்டர் என்று விலைப்பட்டியலோடு உட்காருவதைவிட, பிள்ளை பள்ளியில், வயலில், பாட்டி வீட்டில் என்ன குடிக்கிறது என்று கேட்பது உருப்படியான வேலை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பதிலுக்கு ஈக்வடாரின் வடக்குக் கடலோரம் போக வேண்டும். அங்கே ஆற்றங்கரைக் கிராமங்களில் பல வருடம் வேலை செய்த ஜோசப் ஐசன்பெர்க்கும் உடன் வேலை செய்தவர்களும் 2007-ல் ஒரு மாடல் போட்டார்கள். அதன் கரு எளிது: வயிற்றுப்போக்கு தண்ணீர் வழியாக மட்டும் பரவுவதில்லை. கை, சோறு, ஈ, முற்றத்து மண் என்று பல வழி. நோயுள்ள ஒரு குழந்தை தண்ணீர் வழியாக 1 குழந்தைக்கும், மற்ற எல்லா வழியாகவும் 3 குழந்தைக்கும் பரப்புகிறது என்று வையுங்கள், மொத்தம் 4. நாம் தண்ணீரை முற்றிலும் சுத்தமாக்கிவிட்டோம், இப்போது 3. கால்வாசி பரவல் ஒழிந்தது, நல்ல சாதனைதான். ஆனால் எளிய தொற்றுக் கணக்கைப் போட்டால், 4 என்று இருந்தபோது ஓர் அலையில் 100-ல் 98 குழந்தைகளுக்கு நோய் வரும், 3 என்று ஆனபின் 94 பேருக்கு வரும். வெறும் நாலு பேர் வித்தியாசம்! மாறாக, கழிப்பறையும் கை கழுவுதலும் ஏற்கனவே நன்றாக இருந்து, மற்ற வழிகள் எல்லாம் சேர்த்து 0.5 தான் என்று இருந்தால், மொத்தம் 1.5, அலையில் 58 பேர். அங்கே அதே தண்ணீரை அதே செலவில் சுத்தம் செய்தால் 0.5 மிஞ்சும், ஒருவர் ஒருவருக்குக்கூடப் பரப்ப முடியாததால் அலையே எழும்பாது. ஒரே வேலை, ஓர் ஊரில் நாலு பேரைக் காப்பாற்றுகிறது, இன்னோர் ஊரில் 58 பேரை. ‘தண்ணீர் சுத்திகரிப்பால் பலன் உண்டா இல்லையா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

கணினிக்கு வெளியே இது எப்படி இருந்தது? 2018-ல் வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்த இரட்டைச் சோதனையின் முடிவுகள் வந்தன. வங்கதேசத்தில் 5551 கர்ப்பிணிகள், கென்யாவில் 8246 பேர், சீட்டுப்போட்டுப் பிரித்து, சிலருக்குத் தண்ணீரில் குளோரின் மட்டும், சிலருக்குக் கழிப்பறை, சிலருக்குக் கை கழுவும் வசதி, சிலருக்கு மூன்றும். வங்கதேசத்தில் எதுவும் கொடுக்காத வீட்டுக் குழந்தைகளில் கடந்த ஏழு நாளில் வயிற்றுப்போக்கு 5.7 சதவீதம். கழிப்பறை கொடுத்த வீடுகளில் 3.5, கை கழுவும் வசதி கொடுத்தவற்றில் 3.5. தண்ணீர் மட்டும் கொடுத்தவற்றில் 4.9, அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவு வித்தியாசம்தான். மூன்றும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், 3.9 தான் வந்தது. கென்யாவில் ஆரம்பமே 27 சதவீதம், எதைக் கொடுத்தும் அசையவில்லை. வங்கதேசத்தில் ஆட்கள் மாதத்துக்குப் பல முறை வீட்டுக்குப் போனார்கள், கென்யாவில் அவ்வளவு அடிக்கடி போகவில்லை என்பதும் ஒரு வித்தியாசம். மேலே பார்த்த இரண்டு கணக்குகளையும், மூன்று நாள் கணக்கையும் நாலும் மூன்றும் கணக்கையும், பக்கத்தில் வைத்துப் படித்தால் கென்யாவின் முடிவு அவ்வளவு புதிராகத் தெரியாது. ஆனால் மூன்றும் சேர்ந்தபோது ஏன் கூடவில்லை என்பதை இந்த எளிய மாடல்கள் விளக்குவதில்லை, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முற்றத்தில் திரியும் கோழி, மாட்டின் சாணம், தவழ்கிற பிள்ளை வாயில் போடும் மண், இவற்றைப் பல மாடல்கள் சேர்க்கவே இல்லை. அதற்குப் பின் அந்தப் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது.

நீங்களே ஒன்று போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் எக்ஸெல் போதும். முதல் நெடுவரிசையில் நாள், 1 முதல் 30 வரை. இரண்டாவதில் அன்று குடித்த கிருமி, ஃபில்டர் நாளானால் 0.1, இல்லாவிட்டால் 1000. மூன்றாவதில் நோய் வராமல் தப்பும் வாய்ப்பு, அதாவது 0.99-க்கு இரண்டாவது நெடுவரிசையின் எண்ணை அடுக்காகப் போட வேண்டும். முப்பது நாளின் தப்பும் வாய்ப்பையும் ஒன்றோடொன்று பெருக்கி, 1-லிருந்து கழித்தால் மாதத்தின் நோய் வாய்ப்பு வரும். பிறகு 1000-ஐ 50 என்று மாற்றுங்கள், மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள், 0.1-ஐ 5 ஆக்குங்கள், கேனுக்குள் வழவழப்பு இருப்பதாக நினைத்து ஃபில்டர் நாட்களுக்கும் 2 கூட்டுங்கள். எந்த எண்ணைத் தொட்டால் விடை குதிக்கிறது, எதைத் தொட்டால் அசையாமல் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.